கல்லூரி பேஸ்பால் சீசனை எப்படிப் புரிந்துகொள்வது?

2022இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் டென்னசி பல்கலைக்கழக அணியை அசைக்க ஆளில்லை. தேசியப் போட்டிக்குள் நுழையும்போது 60 ஆட்டங்களில் 53 வெற்றி, 7 தோல்வி. தரவரிசையில் முதல் இடம். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கதை வேறு. ஓலே மிஸ் என்று எல்லோரும் அழைக்கும் அந்த அணி 32 வெற்றி, 22 தோல்வியோடு, வாய்ப்புக் கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருந்து, தேர்வான 64 அணிகளில் கடைசியாக உள்ளே வந்தது. ஜூன் முடிவதற்குள் கோப்பை ஓலே மிஸ் கைக்குப் போய்விட்டது. டென்னசி இறுதிச் சுற்று நடக்கும் ஊருக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

புதிதாகப் பார்ப்பவருக்கு இது வெறும் அதிர்ஷ்டம் என்றுதான் தோன்றும். கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த சீசனின் அட்டவணை எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், இப்படி ஒரு முடிவு எப்படிச் சாத்தியம் என்பதும் புரிந்துவிடும். அதற்கு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: பிட்சரின், அதாவது பந்து வீசுபவரின், கை. எந்த நாளில் யார் பந்து வீசுகிறார், அவர் கை எத்தனை நாள் ஓய்வெடுத்திருக்கிறது என்பதைச் சுற்றித்தான் பிப்ரவரி முதல் ஜூன் வரை எல்லாமே ஓடுகிறது.

முதலில் ஆட்டம்

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் 9 இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் மூன்று பேர் அவுட் ஆகும்வரை பேட்டிங் செய்யலாம். ஆக, எதிரணியை முழுதாக முடிக்க 27 அவுட் எடுக்க வேண்டும். பிட்சர் சுமார் 18.4 மீட்டர் தூரத்திலிருந்து, பந்தைத் தரையில் குத்தாமல், நேராக வீசுவார். பேட்டரால் அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக் ஆகிவிட்டால் அவுட். பந்து குறித்த எல்லைக்கு வெளியே நான்கு முறை போய், பேட்டரும் அதைத் தொடாமல் விட்டுவிட்டால், அவர் சும்மா நடந்தே முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவதற்கு, போகலாம். நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். வேலியைத் தாண்டி அடித்தால் ஹோம் ரன். அடித்தவரும், பேஸ்களில் நிற்பவர்களும் ஒருவர் விடாமல் ரன் எடுத்துவிடுவார்கள்.

இனி கிரிக்கெட்டிலிருந்து வேறுபடும் இடத்துக்கு வருவோம். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பந்துவீச்சாளர் மாறுவார். ஒருவரை நிறுத்திவைத்து, மாலையில் மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் பொதுவாக அந்த வசதி இல்லை. ஒரு பிட்சர் தொடங்கினால் அவரே தொடர்ந்து வீச வேண்டும். ஆட்டத்தை விட்டு வெளியே எடுத்துவிட்டால் அன்றைக்குத் திரும்ப வர முடியாது. தொடக்க பிட்சர் சுமார் 100 பந்து வரை வீசுவார். நல்ல கல்லூரி பிட்சரின் வேகப்பந்து மணிக்கு 145 கிலோமீட்டரைத் தாண்டும். அதுவும் முழங்கையை மடக்கி, எறிந்து வீசும் பந்து. ஒவ்வொரு முறையும் முழங்கையின் உட்பக்கத் தசைநார் முறுக்கி இழுபடும்.

அந்தத் தசைநார் கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஓர் அறுவைச் சிகிச்சையே இருக்கிறது. 1974இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜான் என்ற பிட்சருக்கு, உடம்பின் இன்னொரு இடத்திலிருந்து எடுத்த தசைநாணை முழங்கையில் பொருத்தினார். அதுவரை அந்தக் காயம் வந்தால் ஆட்ட வாழ்க்கை முடிந்தது என்றுதான் அர்த்தம். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து பல ஆண்டுகள் வீசினார். சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்றைக்குக் கல்லூரியில் மட்டுமில்லை, பள்ளியில் படிக்கும் பையன்களுக்கும் அது நடக்கிறது. அதனால் 100 பந்து வீசிய பிட்சருக்குக் கல்லூரியில் வழக்கமாக ஒரு வாரம் ஓய்வு.

வெள்ளி, சனி, ஞாயிறு

ஒரு வாரம் ஓய்வு என்ற இந்தக் கணக்கோடு அட்டவணையைப் பாருங்கள். சீசன் பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கும். மே கடைசியில் தொடங்கும் போட்டிகளைச் சேர்க்காமல் ஓர் அணி அதிகபட்சம் 56 ஆட்டம் ஆடலாம். தொழில்முறை பேஸ்பாலில் 162 ஆட்டம், அநேகமாக தினமும் ஆட்டம். கல்லூரியில் மாணவர்களுக்கு வகுப்பும் இருக்கிறது, அதனால் வார இறுதிதான் முக்கியம். ஒரே எதிரணியோடு வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று ஆட்டம். நடுவில் செவ்வாயோ புதனோ பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றோடு ஓர் ஆட்டம்.

அணியின் மிகச் சிறந்த பிட்சர் வெள்ளிக்கிழமை வீசுவார். அடுத்தவர் சனிக்கிழமை. மூன்றாமவர் ஞாயிறு. 'அவன் எங்கள் வெள்ளிக்கிழமை ஆள்' என்று ஒரு பிட்சரைச் சொன்னால், அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எதிரணியும் தன் சிறந்த ஆளை அன்றைக்குத்தான் இறக்கும். அதனால் வெள்ளி ஆட்டங்களில் ரன் குறைவாக இருக்கும், ஞாயிறு ஆட்டங்களில் பதினைந்து ரன்கூடப் பறக்கும். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் முதலாமாண்டு மாணவர்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். பெரிய அணி ஒன்று செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு சின்னக் கல்லூரியிடம் தோற்றது என்று செய்தி வந்தால் பதறத் தேவையில்லை. அங்கே வீசியது வேறு கைகள்.

இந்தப் பிப்ரவரித் தொடக்கத்தில் ஓர் அநியாயமும் இருக்கிறது. மினசோட்டா, மிஷிகன் பக்கமெல்லாம் அப்போது பனி. வடக்கு மாநில அணிகள் முதல் சில வாரங்கள் தெற்கே பயணம் போய்த்தான் ஆட வேண்டும். தெற்கு அணிகள் தங்கள் சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்கள் முன்னால் ஆடும். இந்த விளையாட்டில் தெற்கும் மேற்கும் ஓங்கி நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அதையும் மீறி மழை ஓயாத ஆரிகனிலிருந்து ஆரிகன் ஸ்டேட் அணி 2006, 2007, 2018 என மூன்று முறை பட்டம் வென்றதை நான் எப்போதும் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு பார்க்கிறேன்.

கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கும். தென்கிழக்கு கான்ஃபரன்ஸ், அதாவது எஸ்இசி, இன்றைக்கு இதில் மிகக் கடினமான குழு. அதில் ஒவ்வோர் அணியும் பத்து வார இறுதிகளில் 30 ஆட்டம் ஆடும். ஒவ்வொரு வெள்ளியும் எதிரே நிற்பவர் ஒருநாள் தொழில்முறை அணிக்குப் போகக்கூடிய பிட்சராக இருப்பார்.

சரி, பணம்? அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் போல எல்லோருக்கும் முழுக் கல்விக் கட்டணம் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அண்மைக் காலம் வரை ஒரு முழு பேஸ்பால் அணிக்கு 11.7 உதவித்தொகைதான் அனுமதி. அதைத் துண்டு துண்டாக வெட்டி இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பங்கு போடுவார்கள். ஒருவருக்குப் பாதி, இன்னொருவருக்குக் கால்வாசி, சிலருக்கு ஒன்றுமே இல்லை. 2025-26 முதல் இந்த விதி மாறி, அணியில் 34 பேர் என்ற எண்ணிக்கை வரம்பு வந்திருக்கிறது. 

இரண்டு முறை தோற்றால் வெளியே

மே கடைசியில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்குள் ஒரு சிறு போட்டி நடத்தும். அதன் சாம்பியனுக்கு தேசியப் போட்டியில் நேரடி இடம். இப்படிச் சுமார் 30 இடம் போய்விடும். மீதி இடங்களுக்கு ஒரு தேர்வுக் குழு வெற்றி தோல்வி, எதிரணிகளின் பலம் எல்லாம் பார்த்து அணிகளைப் பொறுக்கும். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை 64 அணிகளின் பட்டியல் வெளியாகும். 

64 அணிகளும் நான்கு நான்காக 16 ஊர்களில் மோதும். இதற்கு ரீஜனல் என்று பெயர். முதல் 16 தரவரிசை அணிகள் பெரும்பாலும் தங்கள் ஊரிலேயே நடத்தும். இங்கே விதி, ஒரு முறை தோற்றால் உயிர் இருக்கும், இரண்டாம் முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டும்.

இதைக் கைக்கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் வென்ற அணிக்கு மூன்று ஆட்டம், மூன்று தொடக்க பிட்சர், கச்சிதமாக முடிந்துவிடும். வழக்கமான வார இறுதி மாதிரிதான். முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணி? அது சனி ஒன்று, ஞாயிறு இரண்டு, திங்கள் ஒன்று என்று வரிசையாக நான்கும் வெல்ல வேண்டும். நான்கு நாளில் ஐந்து ஆட்டம். ஐந்து தொடக்க பிட்சர் யாரிடம் இருக்கிறார்கள்? ஞாயிறு இரவு ஆகும்போது, சீசன் முழுக்கப் பெயரே கேட்காத ஒரு பையன் மைதானத்தின் நடுவில் நிற்பான். சில நேரம் அவன்தான் அன்றைய நாயகன்.

கை தீர்ந்துபோவது எப்படி இருக்கும் என்பதற்கு 2009 மே 30 ஆட்டத்தைவிட வேறு சான்று வேண்டாம். ஆஸ்டினில் நடந்த ரீஜனலில் டெக்சஸ், பாஸ்டன் காலேஜ் இரண்டும் சமநிலையிலேயே இழுத்துக்கொண்டு போய், 9 இன்னிங்ஸ் ஆட வேண்டிய ஆட்டம் 25 இன்னிங்ஸ் போனது. ஏழு மணி நேரத்துக்கும் மேல். டெக்சஸின் ஆஸ்டின் வுட் நடுவில் வந்து 13 இன்னிங்ஸ், 169 பந்து வீசினார். கடைசியில் டெக்சஸ் 3-2 என்று வென்றது. இன்றைக்கு அந்த எண்ணைப் படித்தால் எனக்குப் பெருமிதத்தோடு சேர்ந்து கவலையும் வருகிறது. ஒரு மாணவனின் கை அது.

ரீஜனலில் வென்ற 16 அணிகள் சூப்பர் ரீஜனலில் இரண்டிரண்டாக மோதும். மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டும். டென்னசி 2022இல் அடிபட்டது இங்கேதான். சொந்த ஊரான நாக்ஸ்வில்லில் நோட்டர் டேமிடம் முதல் ஆட்டம் தோற்று, இரண்டாவதை வென்று, மூன்றாவதைத் தோற்றது. 57 வெற்றி, 9 தோல்வியோடு சீசன் முடிந்தது. மூன்று ஆட்டத் தொடரை ஒரு சீசனில் பத்து முறை வெல்லும் அணிக்கும் ஒரு வார இறுதி சறுக்கும். ஏப்ரலில் சறுக்கினால் ஒரு செய்தி, ஜூனில் சறுக்கினால் முடிந்தது.

சூப்பர் ரீஜனலில் 2019இல் நடந்த இன்னொரு ஆட்டத்தையும் சொல்லாமல் நகர மனமில்லை. வாண்டர்பில்ட் முதல் ஆட்டத்தில் டியூக்கிடம் 18-5 என்று நொறுங்கியிருந்தது. மறுநாளும் தோற்றால் வீடு. ஜூன் 8 அன்று முதலாமாண்டு மாணவர் குமார் ராக்கர் பந்தை வாங்கினார். அவருடைய தாய் இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். 131 பந்து, 19 பேர் ஸ்ட்ரைக் அவுட், ஆட்டம் முழுக்க டியூக்குக்கு ஒரு ஹிட்கூட இல்லை, அதாவது பந்தை அடித்து பேஸ் போய்ச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. வாண்டர்பில்ட் பிழைத்து, அந்த ஆண்டு பட்டமும் வென்றது. 2021 இறுதிப் போட்டியில் அதே ராக்கர் வழக்கமான ஒரு வார ஓய்வு இல்லாமல் கடைசி ஆட்டத்தில் இறங்கி, மிசிசிப்பி ஸ்டேட்டிடம் (ஓலே மிஸ் இல்லை, அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகம்) தோற்றார். தொழில்முறை அணி ஒன்று அவரை முதல் சுற்றில் எடுத்துவிட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடாமல் விட்டது. 2023இல் டாமி ஜான் சிகிச்சை. 2024 செப்டம்பரில்தான் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காகப் பெரிய லீக்கில் முதல் பந்து வீசினார்.

ஓமஹா

கடைசி எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹாவுக்குப் போகும். கல்லூரி வேர்ல்ட் சீரிஸ் என்ற இந்த இறுதிச் சுற்று 1947இல் மிஷிகனின் கலமசூவில் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் கலிபோர்னியாவிடம் தோற்ற யேல் அணியில் பின்னாளில் அமெரிக்க அதிபரான மூத்த ஜார்ஜ் புஷ் ஆடினார். 1950 முதல் ஓமஹாதான். வீரர்களும் ரசிகர்களும் 'இந்த வருஷம் ஓமஹா' என்பார்கள். வேறு விளக்கம் தேவைப்படாது. அங்கே எட்டு அணிகள் இரண்டு பிரிவாக, மறுபடி அதே இரண்டு தோல்வி விதியில் ஆடி, மிஞ்சும் இரண்டு அணிகள் மூன்று ஆட்ட இறுதித் தொடரில் மோதும். ஒரு வித்தியாசம், ரீஜனலைப் போல் அடுக்கடுக்காக இல்லாமல் இங்கே ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு நாள் உண்டு. நல்ல கை இரண்டு இருந்தால் அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இப்போது ஓலே மிஸ் கதைக்கு வரலாம்.

அந்த அணி மார்ச்சில் நாட்டின் முதல் இடத்தில் இருந்தது என்றால் நம்புவீர்களா? நிஜம்தான். அப்புறம் சரிவு. மே 1 அன்று எஸ்இசி ஆட்டங்களில் 7 வெற்றி, 14 தோல்வி. 2001 முதல் பயிற்சியாளராக இருந்த மைக் பியாங்கோவை அனுப்பிவிட வேண்டும் என்று ரசிகர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். பேட்டிங்கில் குறையில்லை, கேப்டன் டிம் எல்கோ அந்த சீசனில் மட்டும் 24 ஹோம் ரன் அடித்தார். முந்தைய ஆண்டு முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே வந்து ஆடியவர் அவர். அணிக்குக் குறை, வெள்ளியும் சனியும் நம்பி இறக்க ஆள் இல்லாததுதான்.

அந்த ஆட்களை சீசனின் நடுவில் கண்டெடுத்தார்கள். இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்து சேர்ந்த டிலன் டிலூசியா வெள்ளிக்கிழமை ஆளானார். முதலாமாண்டு மாணவர் ஹன்டர் எலியட் சனிக்கிழமை. கடைசி மூன்று வார இறுதிகளில் ஒன்பது ஆட்டத்தில் ஏழு வெற்றி. அதன்பின் எஸ்இசி போட்டியில் முதல் ஆட்டத்திலேயே வாண்டர்பில்ட்டிடம் தோற்றாலும், தேர்வுக் குழு இடம் கொடுத்தது. 32-22 என்ற எண்ணில் மார்ச், ஏப்ரல் தோல்விகளும் சேர்ந்திருக்கின்றன. ஜூனில் களமிறங்கிய அணி அந்த எண்ணைவிட வலுவானது.

மயாமி பல்கலைக்கழகம் நடத்திய ரீஜனலில் அரிசோனாவை 7-4, மயாமியை 2-1, மறுபடி அரிசோனாவை 22-6. மூன்றும் வெற்றி, கை மிச்சம். சூப்பர் ரீஜனலில் சதர்ன் மிஸ்ஸை அதன் ஊரிலேயே 10-0, 5-0. இரண்டு நாளும் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. 

ஓமஹாவில் தேதிகளைக் கவனியுங்கள். ஜூன் 18, டிலூசியா வீச ஆபர்னை 5-1. ஜூன் 20, எலியட் வீச ஆர்கன்சாவை 13-5. ஜூன் 22, இவர்கள் இருவரும் இல்லாத நாள், ஆர்கன்சாவிடம் 3-2 தோல்வி. ஜூன் 23, இன்னொரு தோல்வி என்றால் வெளியே. ஐந்து நாள் கழித்து டிலூசியா மறுபடி வருகிறார். ஒன்பது இன்னிங்ஸும் அவரே. ஆர்கன்சாவுக்கு நான்கே ஹிட், ரன் பூஜ்யம். 2-0. எனக்கு அந்தப் போட்டித் தொடரில் மிகப் பிடித்த ஆட்டம் இதுதான். உதவிக்கு ஒரு பிட்சர்கூடத் தேவைப்படாததால், இறுதித் தொடருக்கு மற்ற எல்லாக் கைகளும் அப்படியே தயாராக இருந்தன.

இறுதியில் எதிரணி ஓக்லஹோமா. டிலூசியா வீச முடியாது. முதல் ஆட்டத்தை ஜாக் டோஹர்ட்டி தொடங்கி, முதல் ஐந்து இன்னிங்ஸில் ஓர் ஓக்லஹோமா பேட்டரையும் பேஸ் ஏற விடவில்லை. 10-3. மறுநாள், ஜூன் 26, ஆறு நாள் கழித்து எலியட் மறுபடி வந்தார். எட்டாவது இன்னிங்ஸ் வரும்போது ஓலே மிஸ் 2-1 என்று பின்தங்கியிருந்தது. ஒரு ஹிட்டில் சமன் ஆனது. அடுத்த இரண்டு ரன்களும் ஓக்லஹோமா பிட்சரின் பந்து, பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சருக்குப் பிடிபடாமல் ஓடியதில் வந்தன. சீசன் முழுக்க உழைத்த கைகளுக்கு, கடைசி நாளில், கடைசிக்கு முந்தைய இன்னிங்ஸில் பந்தைக் குறி வைப்பதே கடினம். அந்த பிட்சரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 4-2. ஓலே மிஸ்ஸுக்கு பேஸ்பாலில் முதல் தேசியப் பட்டம். தொடரின் சிறந்த வீரர் டிலூசியா.

பட்டம் வென்ற அணி அடுத்த பிப்ரவரியில் அப்படியே திரும்பி வராது. மூன்றாம் ஆண்டு முடித்தவர்களை ஜூலையில் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எல்கோவைச் சிகாகோ ஒயிட் சாக்ஸ் எடுத்தது. சிலர் வேறு கல்லூரிக்கு மாறுவார்கள். மிச்சப்பேர் கோடையில் கேப் காட் போன்ற லீக்குகளில் மர மட்டையோடு ஆடப் போவார்கள், ஏனென்றால் கல்லூரியில் உலோக மட்டை, தொழில்முறையில் மரம். 2021 சாம்பியன் மிசிசிப்பி ஸ்டேட் 2022இல் 64 அணிகளுக்குள்ளேயே வரவில்லை.

நீங்கள் முதன்முதலாக ஒரு சீசனைப் பின்தொடர விரும்பினால், ஏதாவது ஓர் அணியை எடுத்துக்கொண்டு அதன் வெள்ளிக்கிழமை பிட்சர் யார், எத்தனை பந்து வீசினார் என்று மட்டும் வாரா வாரம் பாருங்கள். ஏப்ரல் நடுவில் அந்தப் பெயர் மாறினால், ஏன் என்று தேடுங்கள். புள்ளிப்பட்டியல் காட்டுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அணி ஏறுகிறதா இறங்குகிறதா என்று உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.